‘அப்படியொரு மின்னஞ்சல் வரப்பெறவில்லை’: புகார் சேர்ந்த நேரத்துக்கு யார் சாட்சி?

“தாங்கள் குறிப்பிடும் தேதியில் இவ்வலுவலகத்திற்கு அத்தகைய மின்னஞ்சல் எதுவும் வரப்பெறவில்லை.”

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் பெற்ற பதில்களில் இந்த ஒரு வரியை வெவ்வேறு அலுவலகங்களின் முத்திரையோடு பலமுறை வாசித்திருக்கிறோம். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் எவருக்கும் இது பழகிப்போன வாசகம். அதை எதிர்கொள்ளும் ஆவணம் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் உயிரோடு இருக்கும், அதை எப்படிக் காப்பது என்பதை வழக்கறிஞர்களாகிய நாங்களே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். கற்றுக்கொள்ள ஒரு வழக்கைப் பலி கொடுக்க வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தின் ஓர் ஊரில், பொதுப்பாதையில் நடந்ததற்காக ஒரு பெண் சாதிப் பெயர் சொல்லித் திட்டப்பட்டுத் தாக்கப்பட்டார். இரவு நிலையத்துக்குப் போனவர்களைக் காலையில் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்றிரவே எங்கள் அமைப்பின் முகவரியிலிருந்து நிலையத்துக்கும் மேலதிகாரிக்கும் புகாரை மின்னஞ்சலில் அனுப்பினோம். முதல் தகவல் அறிக்கை பதிவானது 19 நாட்கள் கழித்து. அதற்குள் எதிர்த்தரப்பு ஒரு புகார் கொடுத்து, அது முதலில் பதிவாகியிருந்தது. விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்த முதல் ஆயுதம் அந்த 19 நாட்கள்தான். எங்கள் கட்சிக்காரர் மீது பொய் வழக்குப் போட்டுவிட்டு, அதற்குப் பதிலாக யோசித்து யோசித்துத் தயாரித்த கதை இது என்றார்.

மின்னஞ்சல் அனுப்பினோம் என்றோம். வரவில்லை என்றது அலுவலகம். எங்கள் ‘சென்ட்’ பெட்டியில் கடிதம் இருந்தது. ஆனால் அனுப்பியதற்கு மட்டுமே அது சாட்சி. சேர்ந்ததற்குச் சாட்சியம் தேடி, எங்கள் அஞ்சல் சேவையகத்தைப் பராமரித்த நிறுவனத்தைக் கேட்டோம். அவர்கள் சொன்ன பதில் எளிமையானது: பதிவுக் கோப்புகள் நான்கு வாரம்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். நாங்கள் கேட்டது ஐந்தாம் மாதத்தில்.

பதிவுத் தபால் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வரும். அதைக் கோப்பில் குத்தி வைப்போம். அட்டை வராவிட்டாலும், சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு துணை நிற்கும். அந்தப் பதிவுத் தபாலே 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. மின்னஞ்சலுக்கும் ஓர் ஒப்புகை அட்டை உண்டு. அது நம் கைக்கு வராமல், சேவையகத்தின் ஒரு மூலையில் எழுதப்பட்டு, சில வாரங்களில் அழிக்கப்படுகிறது என்பதுதான் வேறுபாடு.

சேர்ந்தது என்றால் என்ன?

‘வரவில்லை’ என்ற சொல்லுக்கு அலுவலகங்கள் தரும் பொருள் வேறு, சட்டம் தரும் பொருள் வேறு. பெட்டியைத் திறக்கவில்லை, எழுத்தர் விடுப்பில் இருந்தார், ஸ்பாம் பெட்டிக்குள் போய்விட்டது ஆகிய எல்லாமே நடைமுறையில் ‘வரவில்லை’தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 13-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. மின்னணுப் பதிவு ஒன்று, அனுப்பியவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினி வளத்துக்குள் நுழையும்போது ‘அனுப்பப்பட்டது’ ஆகிறது. பெறுபவர் இதற்கென்று ஒரு கணினி வளத்தைக் குறித்துக் கொடுத்திருந்தால், அதற்குள் நுழையும் நேரமே ‘பெறப்பட்ட’ நேரம். திறந்து படிக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. தன் இணையதளத்தில் ஒரு முகவரியை வெளியிட்டு ‘புகார்களை இங்கே அனுப்புக’ என்று அறிவிக்கும் அலுவலகம் அதைக் குறித்துக் கொடுத்துவிட்டது என்பதே எங்கள் வாதம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இந்த நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? 2015-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. வாய்மொழித் தகவலை எழுதி வாசித்துக் காட்டுவது, முதல் தகவல் அறிக்கை பதிவது, அதன் நகலை உடனே தருவது, 60 நாட்களுக்குள் புலனாய்வை முடிப்பது எல்லாம் அதில் உண்டு. இவற்றை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லில்தான் வழக்குகள் சரிகின்றன. அதிகாரிக்குத் தகவல் தெரியும் என்பதை நிறுவாமல் அவர் வேண்டுமென்றே புறக்கணித்தார் என்று எப்படி நிறுவுவது? தெரிந்த நேரம்தான் கடமை பிறக்கும் நேரம். 18அ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணையும் தேவையில்லை என்பதால், ‘விசாரித்துக்கொண்டிருந்தோம்’ என்று அந்த 19 நாட்களுக்குக் கணக்குச் சொல்லவும் இடமில்லை. நிவாரணமும் இதில் அடக்கம்; பல குற்றங்களில் அதன் முதல் தவணை முதல் தகவல் அறிக்கையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை மின்னணு முறையில் தரலாம் என்கிறது. ஆனால் தகவல் தந்தவர் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். இந்த மூன்று நாளில்தான் பல புகார்கள் செத்துப்போகின்றன. மின்னஞ்சல் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். மூன்று நாள் எந்த நேரத்திலிருந்து ஓடுகிறது என்ற சண்டை வந்தால், அதற்கும் சேவையகத்தின் பதிவுதான் பதில். இதோடு 1995-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 5(3)-ஐயும் விட்டுவிடக் கூடாது. நிலையம் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில், தபால் மூலம் அனுப்பலாம் என்பது அந்த விதி. தபாலிலும் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

சேவையகம் எழுதும் நாட்குறிப்பு

ஒரு மின்னஞ்சல் ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஓர் உரையாடல். 1982-இல் ஜோன் போஸ்டல் வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறைதான், திருத்தங்களோடு, இன்றும் அதை ஆள்கிறது. நம் சேவையகம் கதவைத் தட்டுகிறது. யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்கிறது. கடிதத்தை முழுவதும் கொடுக்கிறது. எதிர்ச் சேவையகம் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்கிறது. 250 என்றால் வாங்கிக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு என்று பொருள். 4-இல் தொடங்கும் எண் என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5-இல் தொடங்கினால் ஒரேயடியாக மறுப்பு. 550 என்பது பெரும்பாலும் அப்படியொரு முகவரி இல்லை என்பதைக் குறிக்கும்.

அந்த 250-தான் நம் ஒப்புகை அட்டை. போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற சேவையக மென்பொருள், ஒவ்வொரு உரையாடலையும் முடித்த கையோடு ஒரு வரி எழுதி வைக்கிறது. அதில் நேரம் இருக்கும், அந்தக் கடிதத்துக்கு நம் சேவையகம் இட்ட வரிசை எண் இருக்கும், பெறுநர் முகவரி, எதிர்ச் சேவையகத்தின் பெயரும் ஐபி முகவரியும், எத்தனை நொடி ஆயிற்று என்பது, கடைசியில் ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’ என்ற சொல்லும் அடைப்புக்குள் எதிர்ச் சேவையகம் சொன்ன பதிலும் இருக்கும். பல வேளைகளில் அந்தப் பதிலுக்குள்ளேயே அவர்கள் தங்கள் பக்கத்தில் இட்ட வரிசை எண்ணும் வந்துவிடும். வழக்கறிஞருக்கு இது புதையல். ‘வந்ததா?’ என்று பொதுவாகக் கேட்பது ஒன்று. ‘இந்த நாள், இந்த நொடியில், உங்கள் சேவையகம் இந்த எண்ணிட்டு வாங்கிய கடிதம் என்னவாயிற்று?’ என்று கேட்பது வேறு.

கதவு திறக்காத நேரங்களும் பதிவாகின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது இந்த மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியொரு நாளில் எதிர்ச் சேவையகம் அணைந்து கிடந்தால் நம் சேவையகம் சோர்ந்துவிடாது. ‘டிஃபர்டு’ என்று எழுதிவிட்டு மீண்டும் மீண்டும் தட்டும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் ஐந்து நாள் வரை முயலும். எப்போதெல்லாம் தட்டியது, எப்போது திறந்தது என்பது வரிவரியாக இருக்கும். தாமதம் நம்முடையதா, அவர்களுடையதா என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடையாது.

சேவையகம் எழுதாதவற்றையும் சொல்ல வேண்டும். கடிதத்தின் உள்ளடக்கம் அந்த வரியில் இல்லை. இயல்பு அமைப்பில் தலைப்புகூட இருக்காது. எந்தக் கடிதம் என்பதை இணைப்பது ‘மெசேஜ் ஐடி’ என்ற தனி அடையாளம். அது கடிதத்தின் தலைப்பகுதியிலும் பதிவிலும் ஒன்றாக இருக்கும். ஆகவே அனுப்பிய கடிதத்தின் மூல வடிவத்தை, தலைப்பகுதி முழுவதோடு, தனியே சேமிக்க வேண்டும். அச்செடுத்த தாளில் இந்த அடையாளம் பெரும்பாலும் வராது.

ஏன் தரவுத்தளம்?

இந்த வரிகளை எல்லாம் எழுதும் முறைக்கு சிஸ்லாக் என்று பெயர். 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் அதை உருவாக்கியதே சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளுக்காகத்தான். பிறகு எல்லா மென்பொருளும் அதைப் பின்பற்றின. அது நிர்வாகியின் வசதிக்காகப் பிறந்த முறை, நீதிமன்றத்துக்காகப் பிறந்ததல்ல. ஒரு சான்று போதும்: பழைய சிஸ்லாக் வரியின் தேதியில் ஆண்டே கிடையாது. மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, அவ்வளவுதான். எந்த நேர மண்டலம் என்றும் சொல்லாது. ஆண்டு இல்லாத ஆவணத்தை நீதிபதியிடம் நீட்டிப் பாருங்கள்.

நேர மண்டலத்தில் நாங்களே ஒருமுறை மாட்டிக்கொண்டோம். இரவு 8 மணிக்கு நடந்த சம்பவம், 10.41-க்குப் புகார் போயிற்று. பதிவில் இருந்ததோ 17:11. சேவையகம் உலகப் பொது நேரத்தில் ஓடியது; இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே நிற்கும். ‘சம்பவம் நடப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே புகார் எழுதிவிட்டார்கள்’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே சொன்னார். விளக்கி முடிப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிட்டது.

அடுத்த சிக்கல் அழிவு. பல லினக்ஸ் சேவையகங்களில் லாக்ரொட்டேட் என்ற நிரல் வாரத்துக்கு ஒரு முறை கோப்பை மாற்றி, நான்கு பழைய கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும். எவரும் சதி செய்ய வேண்டியதில்லை. எவரும் எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும், சாட்சியம் போய்விடும். மேலும், ஒரே கடிதத்தின் கதை ஒரே வரியில் இருப்பதில்லை. உள்ளே வந்தது ஒரு வரி, மெசேஜ் ஐடி இன்னொரு வரி, வரிசையில் நின்றது ஒன்று, போனது ஒன்று, வரிசையிலிருந்து நீங்கியது ஒன்று. இடையிடையே வேறு நூறு கடிதங்களின் வரிகள் கலந்து கிடக்கும்.

தரவுத்தளம் இந்த மூன்றையும் தீர்க்கிறது. ஆர்சிஸ்லாக் என்ற மென்பொருள் பதிவு வரிகளைக் கோப்பில் எழுதும்போதே மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் சேர்க்க வல்லது. இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. பழைய கணினி ஒன்றிலேயே ஓடும். கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு வார இறுதியில் அமைத்துவிடலாம். எங்களுக்கு அமைத்துத் தந்ததும் நாகர்கோவிலில் படித்த ஒரு மாணவிதான்.

அவரோடு உட்கார்ந்து நாங்கள் வகுத்த ஒழுங்கு சட்டப் புத்தகத்திலிருந்து வந்தது. வந்த வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒரு நிரலில் வைக்க வேண்டும். அதைப் பிரித்தெடுத்த செய்திகள் (முழுத் தேதி, நேர மண்டலம், வரிசை எண், மெசேஜ் ஐடி, பெறுநர், எதிர்ச் சேவையகம், பதில் எண்) தனித்தனி நிரல்களில் இருக்கலாம். பிரிப்பதில் பிழை நேர்ந்தாலும் மூலம் கெடாது. பதிவைச் சேர்க்கும் கணக்குக்குச் சேர்க்கும் உரிமை மட்டுமே உண்டு. திருத்தவும் அழிக்கவும் உரிமை இல்லை. போஸ்ட்ஃபிக்ஸின் குறுகிய வரிசை எண்கள் காலப்போக்கில் மீண்டும் வரக்கூடியவை என்பதால் நீண்ட எண் முறைக்கு மாற்றினோம். ஒவ்வோர் இரவும் அன்றைய பதிவுகளின் ஷா-256 ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, மூன்று வெவ்வேறு ஊர்களில் உள்ள மூன்று தோழர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறோம். நாளை நாங்களே ஒரு வரியைத் திருத்தினாலும் ஹாஷ் மாறிவிடும். அந்த மூன்று பெட்டிகளும் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். நம்மையே நம்ப வேண்டாம் என்று நீதிமன்றத்திடம் சொல்ல முடிவதுதான் இதன் பலம்.

கடிகாரத்தையும் சரி செய்தோம். கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகத்தோடு கடிகாரங்களை இணைக்கச் சொல்கிறது. அதே உத்தரவு சேவை வழங்குநர்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் அனைவரும் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ‘அரசு அமைப்புகள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் கடிதத்தை வாங்கிய சேவையகத்துக்கும் 180 நாள் கடமை இருக்கிறது. ஆக, அவர்கள் பக்கப் பதிவைக் கோர நமக்குள்ள காலமும் ஆறு மாதத்துக்குள்தான். அதற்குள் நீதிமன்றத்தை அணுகி, சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின் கீழ் ஆவணத்தைத் தாக்கல் செய்ய உத்தரவு பெற வேண்டும்.

இதையெல்லாம் நீதிமன்றம் ஏற்குமா? பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 65ஆ-வின் இடத்தில் வந்தது. சான்றிதழ் இப்போது இரண்டு பகுதி: ஒன்று கணினிக்குப் பொறுப்பானவர் தருவது, மற்றொன்று வல்லுநர் தருவது. இரண்டிலும் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் வல்லுநரை எங்கே தேடும் என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லவில்லை. இது நம் அமைப்புகள் சுமக்க வேண்டிய செலவாகிவிட்டது.

சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உறுதி செய்தது. அந்த வழக்கின் கதையே ஒரு நேரத்தைப் பற்றியதுதான். மகாராஷ்டிரத்தில் 2014 சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்புமனு பிற்பகல் 3 மணிக்குள் தாக்கலானதா என்பது கேள்வி. தேர்தல் அலுவலகத்தின் ஒளிப்பதிவில் விடை இருந்தது. சான்றிதழை அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டும் தரவில்லை. தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்தும் மற்றவர் தர மறுத்தால், அந்தக் குறைக்காகக் கேட்டவரைத் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். அரசின் சேவையகத்திலிருந்து சான்றிதழ் கேட்டுக் காத்திருக்கும் நமக்கு இந்தப் பகுதி மிகவும் பயன்படும். ஆகவே, கேட்ட ஒவ்வொரு கடிதத்தையும் தேதியோடு வைத்திருங்கள். கேட்டதும் பதிவாக வேண்டும்.

பதிவு இருபுறமும் வெட்டும்

பீமா கோரேகான் வழக்கை அறியாதவர் இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் இருக்க மாட்டார்கள். ஆனால் அதில் அஞ்சல் சேவையகங்கள் வகித்த பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. 2018 ஜனவரி 1-இல் தலித் மக்கள் கூடிய நினைவு நிகழ்வைத் தொடர்ந்த வன்முறையை ஒட்டி, வழக்கறிஞர்களும் எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் கைதானார்கள். முக்கியச் சான்றாகக் காட்டப்பட்டவை கணினிகளில் கிடைத்த கடிதங்கள். அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் தந்த அறிக்கை, ரோனா வில்சனின் மடிக்கணினி 22 மாதங்கள் ஊடுருவப்பட்டிருந்தது என்றது. தொடக்கம் 2016 ஜூன் 13: வரவர ராவின் கணக்கிலிருந்து யாரோ அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பு.

2022 ஜூனில் வயர்ட் இதழ் இன்னொரு செய்தியை வெளியிட்டது. ரோனா வில்சன், வரவர ராவ், ஹனி பாபு ஆகிய மூவரின் மின்னஞ்சல் கணக்குகளிலும் புதிய மீட்பு முகவரியும் தொலைபேசி எண்ணும் சேர்க்கப்பட்டிருந்தன. அந்த மீட்பு முகவரியில் இவ்வழக்கோடு நெருங்கிய தொடர்புள்ள ஒரு புனே காவல் அதிகாரியின் முழுப்பெயர் இருந்தது. மின்னஞ்சல் சேவை நிறுவனத்தின் பகுப்பாய்வாளர் ஒருவர் தந்த தகவல்களை சென்டினல்ஒன் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து கண்டது இது. நீதிமன்றம் தீர்ப்பளித்து நிறுவிய உண்மையல்ல. வழக்குத் தொடுத்தோர் ஊடுருவல் வாதத்தை ஏற்கவும் இல்லை. ஆனால் கணினியில் இருப்பதை மாற்றியவன்கூடச் சேவையகத்தின் குறிப்பை மாற்ற மறந்துபோகிறான் என்பதை இது காட்டுகிறது. கணக்கில் யார் எப்போது என்ன சேர்த்தார்கள் என்ற சிறு பதிவு, ஆண்டுகள் கழித்து ஒரு கேள்வியை எழுப்பப் போதுமானதாக இருந்தது.

அதே வழக்கு எங்களை அச்சுறுத்தவும் செய்கிறது. எங்கள் தரவுத்தளம் நாளை கைப்பற்றப்பட்டால் அதில் என்ன இருக்கும்? எந்த ஊரிலிருந்து யார், எந்த இரவில், எந்த வழக்கறிஞருக்கு எழுதினார்கள் என்ற பட்டியல். உள்ளடக்கம் இல்லாமலேயே ஒரு இயக்கத்தின் வரைபடம் அது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தகவலைச் சாக்ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு காக்கிறது என்றாலும், கைப்பற்றும் கை அந்தப் பிரிவைப் படித்துவிட்டு வரும் என்று நம்ப முடியாது. எனவே இரண்டு அட்டவணைகளாகப் பிரித்தோம். அலுவலகங்களுக்கு நாம் அனுப்பியவை நிரந்தரமாக இருக்கும். மக்கள் நமக்கு எழுதியவற்றின் பதிவு குறியாக்கம் செய்யப்பட்ட வட்டில் 180 நாள் மட்டும் இருந்து, வழக்கில் தேவைப்படாதவை நீங்கிவிடும். எல்லாவற்றையும் சேமி என்பது நிறுவனங்களின் ஆசை. அது நம்முடையதாக இருக்கக் கூடாது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களாகிய நமக்குப் பதிவேட்டின் இந்த முகம் புதிதல்ல. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேடிப் படித்தார், பின்னர் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். நிலமும் வரியும் நீரும் பேசும் அந்த ஓலைகளுக்கிடையே மனிதர்களை விற்று வாங்கிய ஆவணங்களும் உண்டு. கொல்லம் ஆண்டு, மாதம், தேதி, விற்றவர், வாங்கியவர், விலை எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னும் நம் முன்னோர் பதிவேட்டில் இருந்தார்கள், பொருளாக. பதிவேட்டை எழுதும் கையாக இருந்ததில்லை. அவர்கள் கொடுத்த எந்த முறையீடும் எந்த நாழிகையில் யார் காதில் விழுந்தது என்று எந்த ஓலையிலும் இல்லை.

சொந்தச் சேவையகம் இல்லாத மாணவர்களுக்கும் சிறு அமைப்புகளுக்கும் நடைமுறையில் சில வழிகள் உண்டு. ஜிமெயிலில் தனிநபருக்குச் சேவையகப் பதிவு கிடைக்காது. எனவே புகாரை அனுப்பும்போதே சொந்தச் சேவையகம் நடத்தும் ஓர் அமைப்பின் முகவரிக்கும் நகல் அனுப்புங்கள். குறைந்தது, அந்த நேரத்தில் அந்தக் கடிதம் உலகில் இருந்தது என்பதற்கு அந்தப் பதிவு சாட்சி. முடிந்தால் அந்த அமைப்பின் முகவரியிலிருந்தே அனுப்பச் செய்யுங்கள். அப்போதுதான் 250 நம் பதிவேட்டில் விழும். ‘ஒரிஜினல்’ வடிவத்தை அன்றே பதிவிறக்குங்கள். திரும்பி வந்த கடிதத்தை அழிக்காதீர்கள். பெட்டி நிரம்பிவிட்டது என்ற மறுப்பும், வெளியிட்ட முகவரியை அலுவலகம் பராமரிக்கவில்லை என்பதற்கு ஆவணம். திரைப்பிடிப்பை மட்டும் நம்பாதீர்கள்.

தோவாளை வழக்கில் அந்த 19 நாட்களுக்கு நாங்கள் கடைசிவரை ஆவணம் காட்ட முடியவில்லை. இப்போது வேறொரு வழக்கில், எங்கள் தரவுத்தளத்தின் ஒரு வரியையும் சான்றிதழின் இரு பகுதிகளையும் மனுவோடு இணைத்திருக்கிறோம். அந்த வரியில் 250 இருக்கிறது. பெற்றுக்கொண்ட சேவையகம் இட்ட எண்ணும் இருக்கிறது. அவர்கள் பக்கப் பதிவைத் தாக்கல் செய்யக் கோரும் மனு விசாரணைக்கு வர வேண்டும். கடிதம் போய் 112 நாட்கள் ஆகின்றன.